வரிப்பத்தான்சேனையின் கறுப்புச் சுவர்

கல்முனை பஸ் நிலையத்திலிருந்து அக்கரைப்பற்று பஸ் காலை ஆறே முக்காலுக்குப் புறப்பட்டபோது என் மடியில் ஒரு சுத்தியல் இருந்தது. பக்கத்தில் ஆதம்லெவ்வை சாச்சாவின் மடியில், மீன் சுற்றுகிற பொலித்தீன் பைக்குள், ஒரு கறுப்புக் கல் இருந்தது. டிக்கெட் ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். கல்லுக்கும் ஒரு டிக்கெட் கிழிக்கவா என்று கண்டக்டர் கேட்டார். சாச்சா சிரிக்கவில்லை.

சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. சாச்சா என் வாப்பாவின் தம்பி. கல்முனைக்குடிக் கடற்கரையில் மீன் உப்பிடுகிற கொட்டகை, மீன் வாடி, வைத்திருப்பவர். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதென்றால் வீட்டோடு கட்டிக்கொடுப்பது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே பெண் குழந்தை பிறந்தாலே தகப்பன்மார் செங்கல்லை நினைக்கத் தொடங்கிவிடுவார்கள். மூத்த மகள் ஜெஸீமாவுக்காகச் சாச்சா கட்டிய முதல் வீடு கூரை போட்ட கையோடு, அவர்கள் குடியிருந்த பழைய வீட்டோடு சேர்ந்து, சுனாமியில் போனது. கடலோரத்தில் இனிக் கட்ட விடமாட்டார்கள் என்றானது. உள்பக்கம் போய்க் கட்டலாமென்றால் யுத்தம். இந்த வருடம் மே மாதம் யுத்தம் முடிந்ததும், அவர் மனைவி, எங்கள் சாச்சியின் தாய்வழியில் வந்த வரிப்பத்தான்சேனைக் காணியில், அந்த வளவில், அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்.

கிணறும் வெட்டினார். அங்கேதான் வந்தது வினை. முதல் கிணறு பன்னிரண்டு அடியில் கறுப்புக் கல்லில் முட்டி நின்றது. இரண்டாவது இருபது அடி போயும் வாய் வறண்டு கிடந்தது. மூன்றாவது ஒன்றுக்குத்தான் அவரிடம் தெம்பு மிச்சம். எங்களைப் போலக் கடற்கரை ஆட்களான மாப்பிள்ளை வீட்டார் நோன்புக்கு முன்னர் வளவு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கேட்டனுப்பியது ஒரே கேள்வி: தண்ணி எப்படி?

நான் மலைநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் புவிச்சரிதவியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஜூலை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். முந்திய நாள் பின்னேரம் சாச்சா வந்து, அந்தக் கல்லை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார். கல்லை நனைத்து, உருப்பெருக்கியைக் கண்ணில் ஒட்டிப் பார்த்தேன். கறுப்புக்குள்ளே ஊசி ஊசியாய் வெளிறிய பளிங்குகள், கொட்டிய தீக்குச்சிகள் போலக் குறுக்கும் மறுக்கும் கிடந்தன. எனக்குச் சோறு மறந்துபோனது.

"சாச்சா, இது ஒரு காலத்துல தண்ணி மாதிரி ஓடின கல்லு."

"நான் தண்ணி எங்க எண்டுதான் மகள் கேட்கிறன்" என்றார் சாச்சா.

அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

காரைதீவு, நிந்தவூர் வழியே றோட்டு கடலுக்குச் சமாந்தரமாகத் தெற்கே போகிறது. வலது பக்கம் வயல். இடது பக்கம் வீடுகளுக்குப் பின்னால் கடல். தெரியாது, வாசம் மட்டும் கூட வரும். ஒலுவிலை நெருங்கும்போது எங்கள் பஸ் ஒரு டிப்பருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கட்டிக்கொண்டிருக்கிற துறைமுகத்தில் அலைக்குக் குறுக்கே போட உள்நாட்டிலிருந்து கல் கொண்டுபோகிற டிப்பர். உள்ளே மூன்றே மூன்று பாறை. ஒவ்வொன்றும் ஒரு மாட்டளவு. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். இளஞ்சிவப்பும் சாம்பலும் கறுப்புமாக, புற்பாய் பின்னியதுபோல வரி வரியாக ஓடுகிற கல். மைக்காத் துகள்கள் காலை வெயிலில் மினுங்கின. அட்டாளைச்சேனைக்குப் போகிற ஒரு ராத்தா பக்கத்து இருக்கையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அந்த டிப்பர்ல உங்கட மாப்பிள்ளை ஆரும் போறாரா மகள்?"

கல்லைப் பார்க்கிறேன் என்றேன். அவர் சாச்சாவை ஒருமுறை இரக்கத்தோடு பார்த்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

எங்கள் ஊரில் கடினமான எல்லாக் கல்லுக்கும் கருங்கல் என்றே பெயர். சிவப்பானாலும் கருங்கல், வெள்ளையானாலும் கருங்கல். அதிலே என்ன படிக்கக் கிடக்கிறது என்று சாச்சாவும் கேட்டார். நான் உப்பைத் துணைக்கு எடுத்தேன். வாடியில் அவர் தினமும் புழங்குகிற பொருள். கடல் தண்ணீரை ஒரு தொட்டியில் விட்டு, அசையாமல் மெல்ல வற்றவிட்டால் பெரிய பெரிய உப்புக்கட்டி விளையும். அதையே சட்டியில் ஊற்றி அடுப்பில் சடசடவென்று காய்ச்சினால் பொடி உப்பு. உப்பு தண்ணீர் வற்றி விளைகிறது, கல் சூடு ஆறி விளைகிறது. விதி ஒன்றுதான்: நேரம் கிடைத்தால் பளிங்கு பெரிதாகும்.

பூமிக்கடியில் பாறை உருகிக் குழம்பாகிறது. அதற்கு மக்மா என்று பெயர். அது மேலே வராமல் பல கிலோமீற்றர் ஆழத்திலேயே கிடந்து ஆறினால், ஆறி முடியப் பல்லாயிரம், இலட்சம் வருடங்கள் எடுக்கும். அந்தப் பொறுமைக்குள் பளிங்குகள் வளர்ந்து வெறுங்கண்ணுக்கே மணிமணியாகத் தெரியும். எரிமலை வழியே வெளியே கொட்டினால் கெதியில் உறைந்துபோகும். மணியைத் தேடினாலும் கண்ணுக்கு அகப்படாது. இன்னும் சுறுக்காக, சட்டென்று குளிர்ந்தால், பளிங்கு வளரவே நேரமில்லாமல் கண்ணாடியாகிவிடும். இப்படி உருகி உறைந்த எல்லாமே தீப்பாறை.

ஆகவே ஒரு தீப்பாறையைக் கண்டால் கேட்கவேண்டிய முதல் கேள்வி, நீ எங்கே ஆறினாய் என்பது. மணியின் பருமன் அதற்குப் பதில் சொல்லும். அடுத்த கேள்வி, நீ எதனால் ஆனாய் என்பது. மணலின் சரக்கான சிலிக்கா கூடிய குழம்பிலிருந்து குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள் விளைந்து, வெளிறிய, பாரம் குறைந்த கல் வரும். சிலிக்கா குறைந்து இரும்பும் மக்னீசியமும் கூடிய குழம்பிலிருந்து கறுத்த, பாரமான கல். வெளிறிய குழம்பு ஆழத்தில் ஆறினால் கிரனைட், வெளியே கொட்டினால் ரயோலைட். கறுத்த குழம்பு ஆழத்தில் ஆறினால் கப்ரோ, வெளியே கொட்டினால் பசால்ட். இரண்டுக்கும் நடுவே டயோரைட்டும் அன்டிசைட்டும். பாடப் புத்தகத்தில் இது மனப்பாடம் செய்கிற அட்டவணை. டிப்பருக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டு போகும்போதுதான் இதன் அழகு எனக்குப் பிடிபட்டது: இரண்டே கேள்வியில் உலகத்திலுள்ள உருகிய கல் அத்தனையும் தன் பிறந்த இடத்தைச் சொல்லிவிடுகிறது.

சாச்சா பைக்குள்ளிருந்து தன் கல்லை எடுத்து உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தார். "சூரை மீன் கணக்கு. சின்ன உடம்பு, நல்ல பாரம்" என்றார். சரியான கணிப்பு. அது கறுத்த வகை. ஆனால் மணி கப்ரோ அளவுக்குப் பருமனில்லை, பசால்ட் அளவுக்குப் பொடியுமில்லை. நடுத்தரம். பெயர் டொலரைட். மேலே வர எத்தனித்த குழம்பு வழியிலே ஒரு வெடிப்புக்குள் அகப்பட்டு ஆறியது என்று அர்த்தம். வெடிப்பை நிரப்பிய கல் என்றால் அது நிலத்துக்கடியில் நெட்டுக்கு ஒரு சுவராக நிற்கவேண்டும்.

வேண்டும் என்றேன். கைப்பிடியளவு துண்டைப் பார்த்துச் சத்தியம் பண்ண முடியாது. டிப்பரில் போன வரிக்கல்லுக்குள்ளும் கறுத்த திட்டுகள் உண்டு. அவை சுவரல்ல, குழைத்த மாவுக்குள் கிடக்கிற பழைய கட்டிகள். சாச்சாவின் கிணற்றில் தட்டுப்பட்டது அப்படியொரு கட்டியென்றால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பவேண்டியதுதான். சுவரென்றால் தண்ணீருக்கு ஒரு வழி இருக்கிறது.

அக்கரைப்பற்றில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு இறக்காமம் பஸ் எடுத்தோம். பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீற்றர். பாதி வழியில் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி, பைகளோடு நடந்து அந்தப் பக்கம் போய் ஏறவேண்டும். யுத்தம் முடிந்தாலும் இந்த நடை முடியவில்லை. என் பையைத் திறந்த சிப்பாய்க்கு என் வயதுதான் இருக்கும். சுத்தியலை எடுத்தார், காந்தத்தை எடுத்தார், உருப்பெருக்கியை எடுத்துத் தன் நகத்தைப் பார்த்தார். என்ன வேலை என்று துண்டுத் தமிழில் கேட்டார். கல் பார்க்கிற வேலை என்று துண்டுச் சிங்களத்தில் சொன்னேன். மாணிக்கமா என்றார். இந்தப் பக்கத்தில் மாணிக்கம் கிடையாது என்றேன். பிறகு ஏன் பார்க்கிறாய் என்றார். பதில் நீளமானது, பஸ் உறுமிக்கொண்டு நின்றது. சாச்சா குறுக்கே வந்து "வத்துர, மாத்தயா, வத்துர" என்றார். தண்ணீர், ஐயா. சிப்பாய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பி வைத்தார். அவர் ஊரிலும் கிணறு இருக்கும்.

இறக்காமத்திலிருந்து வரிப்பத்தான்சேனைக்கு ஆட்டோ, நூறு ரூபாய். இறக்காமக் குளத்தைத் தாண்டியதும் நான் வாயை மூடவில்லை என்று சாச்சா பிறகு எல்லாரிடமும் சொன்னார். சிறுபோக வேளாண்மை கதிர் தள்ளி நிற்க, அதன் நடுவே அங்கங்கே வெறும் பாறைகள் யானை முதுகுபோல எழும்பிக் கிடந்தன. எங்கள் கடற்கரையில் சுண்டுவிரல் அளவு கல்லைத் தேடினாலும் கிடையாது. தோண்டத் தோண்ட மணல். இருபத்தைந்து மைல் தள்ளாமல் பூமியின் எலும்பு இப்படி வெளியே தெரிகிறது. இவையும் ஆதியில் கிரனைட்டைப் போல ஆழத்தில் மெல்ல ஆறிய தீப்பாறைகள்தான். பிறகு மலைகளுக்குக் கீழே அகப்பட்டு, சூட்டிலும் அமுக்கத்திலும் பிசையப்பட்டு, வரி வாங்கியவை. ஏறக்குறைய நூறு கோடி வருடப் பழசு என்பது எங்கள் விரிவுரையாளர்கள் சொல்லும் கணக்கு. அதன்மேல் ஒருவர் நெல் காயப்போட்டிருந்தார்.

வளவில் ஹனீபா மாமா நின்றார். சாச்சியின் தம்பி, பக்கத்து வளவில் இருக்கிறார், வயல் செய்கிறார். ஜெஸீமாவும் சாச்சியும் ஒரு வாரமாக அவர் வீட்டில்தான். வளவு றோட்டிலிருந்து பின்பக்கம் சரிவாக இறங்குகிறது. பின்னால் மாரி மழைக்கு மட்டும் விதைக்கிற மானாவாரி வயல், அப்போது வெடித்துக் காய்ந்து கிடந்தது. றோட்டுக்கு அந்தப் பக்கம் மேடும் பற்றைக்காடும்.

முதல் கிணறு பின்மூலையில், சமையலுக்கான குசினி வரப்போகிற இடத்துக்குப் பக்கத்தில். எங்கள் ஊரில் எல்லாக் கிணறும் அங்கேதான் இருக்கும். பெண்கள் குளிக்க, உடுப்புத் தோய்க்க மறைவு வேண்டும். றோட்டால் போகிறவன் கண்ணில் படக்கூடாது. மணலில் பத்தடி தோண்டிச் சீமெந்து வளையமான கொட்டை இறக்கினால் தண்ணீர் வரும், எங்கேயும் வரும். ஆகவே கிணற்றுக்கு இடம் பார்ப்பதென்றால் எங்கள் ஆட்களுக்கு மறைவு பார்ப்பது. தண்ணீர் பார்ப்பதென்று ஒன்று இருப்பதே கடற்கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியாது. எனக்கும் மலைநாட்டுக்குப் படிக்கப்போய்த்தான் தெரியும்.

"மச்சான் கடற்கரை ஆள்தானே. எங்க குத்தினாலும் ஊறும் எண்டு நினைச்சிட்டார்" என்றார் ஹனீபா மாமா.

"ரெண்டாவது கிணத்துக்கு இடம் காட்டினது ஆரு மச்சான்?" என்றார் சாச்சா.

மாமா வானத்தைப் பார்த்தார். தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓடும் என்று சரிவின் அடியில், வயலோரம் இடம் காட்டியவர் அவர். வயல்காரனின் நியாயம், அதில் பிழை சொல்லவும் முடியாது. அந்தக் குழிதான் இருபது அடி.

கிணற்றுக்குள் இறங்கவேண்டும் என்றேன். சாச்சா முடியாது என்றார், மாமா முடியாது என்றார், சாச்சி பிள்ளைக்கு ஒன்று நடந்தால் காக்காவுக்கு, என் வாப்பாவுக்கு, ஆர் பதில் சொல்வது என்றார். இதற்கிடையே ஜெஸீமா ஏணியை இழுத்துவந்து குழிக்குள் விட்டு, அதன் தலையைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றாள். "இறங்குகா, நான் பிடிக்கிறன்" என்றாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். அவள் மட்டும்தான் அன்று காலையிலிருந்து என்னிடம் ஒன்றும் கேட்காதவள்.

பன்னிரண்டு அடி கீழே நல்ல குளிர்ச்சி. தண்ணீரில்லை. உடைந்த கறுப்புக் கற்களின்மேல் நின்று சுவரைக் கையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அது வந்தது.

றோட்டுப் பக்கச் சுவரின் அடியில் வெளிறிய வரிக்கல். மற்றதெல்லாம் கறுப்பு. இரண்டுக்கும் நடுவில் நூல் பிடித்து அடித்ததுபோல ஒரு கோடு, நெட்டுக்கு மேலே ஏறிப் போனது. வரிக்கல்லின் வரிகள் சரிந்து சரிந்து வந்து, அந்தக் கோட்டில் கத்தியால் அரிந்ததுபோல நின்றன. கறுப்பு அவற்றை வெட்டிக்கொண்டு போயிருந்தது. பழைய கட்டியென்றால் வரிகளோடு சேர்ந்து வளைந்திருக்கும். இது பிறகு வந்து, வெடிப்பைப் பிளந்து நுழைந்த கல்.

உருப்பெருக்கியைக் கோட்டோரமாகப் பிடித்தேன். அங்கே கறுப்பில் ஒரு மணிகூடத் தெரியவில்லை. மழுமழுவென்று, தார் உறைந்ததுபோல. விரலளவு தள்ளிப் பார்த்தேன், மெல்லியதாக மினுக்கம். ஒரு முழம் தள்ளி, ஊசிப் பளிங்குகள். கொதிக்கிற குழம்பு வந்து குளிர்ந்த பாறையில் தொட்ட அந்த ஓரம் சட்டென்று உறைந்துவிட்டது. உள்ளே இருந்தது அந்த உறைந்த தோலைப் போர்த்திக்கொண்டு ஆறுதலாக ஆறியது. பஸ்ஸில் உப்பை வைத்துச் சொன்ன கதை முழுவதும் ஒரு முழச் சுவரில் எழுதிக் கிடந்தது. இந்தத் தீவு பெரிய கண்டமொன்றோடு ஒட்டிக்கிடந்து, அது பிளக்கத் தொடங்கிய காலத்தின் வெடிப்பாக இருக்கலாம், பதினைந்து கோடி வருடத்துக்கும் மேல். அதை இதுவரை ஒரு கண்ணும் பார்த்ததில்லை. சாச்சாவின் கூலியாட்கள் திட்டிக்கொண்டே திறந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நான் கீழே நின்று சிரித்தேன் போலிருக்கிறது. "தண்ணியா?" என்று சாச்சா மேலிருந்து கேட்டார். அந்தக் குரலைக் கேட்டபிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

பின்னேரம் அந்தக் கறுப்புச் சுவர் நிலத்துக்கடியில் எப்படிப் போகிறது என்று பார்க்கப் போனோம். நூலில் காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டால் வரிக்கல்லுக்கு அசையாது. கறுப்புக்குக் கிட்டப் போனதும் மெல்லச் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். கறுப்புக்குள் இருக்கிற இரும்புத் தாது இழுக்கிறது. மாமாவுக்கு இது நல்லாய்ப் பிடித்துவிட்டது. காந்தத்தைத் தானே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் வளவிலும் வேலியோரம் வெங்காயம்போலத் தோலுரிந்த உருண்டைக் கறுப்புக் கற்கள் வரிசையாகக் கிடந்தன. மறுபக்கம் கோடு வளவுக்கு அடுத்திருந்த பற்றைக்குள் நுழைந்தது. மாமா கையை நீட்டி என்னை மறித்தார். அதற்குள் இன்னும் கண்ணிவெடி பார்த்து முடியவில்லை. அங்கேயே நின்று, கோடு எங்கே போகும் என்று கண்ணால் மட்டும் நீட்டிப் பார்த்தேன். பற்றைக்குள் ஓரிடம்வரை மரங்கள் பச்சை, அதற்குக் கீழே எல்லாம் காய்ந்த சுள்ளி. பச்சை நின்றது மேட்டுப் பக்கம். வளவிலும் பார்த்தால், றோட்டோரம் மட்டும் ஒரு நாவல் மரம் இலை உதிர்க்காமல் நின்றது.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்னர் மாமா வீட்டு முற்றத்து மணலில், வளவையும் வரப்போகிற வீட்டையும் குறுக்கே ஒரு கோட்டையும் கீறி விளக்கினேன். மேட்டிலிருந்து நிலத்துக்கடியால் வருகிற தண்ணீர், உக்கிப்போன வரிக்கல்லுக்குள்ளால் கசிந்து இறங்குகிறது. குறுக்கே கறுப்புச் சுவர். சுவருக்குள் நுழைய வழியில்லாமல் மேல்பக்கம் தேங்கி நிற்கவேண்டும். முதல் கிணறு சுவரின் தலையிலேயே விழுந்துவிட்டது, இரண்டாவது சுவருக்குக் கீழே.

மாமா நிமிர்ந்தார். "அப்ப இது குளக்கட்டு எண்டு சொல்லுங்க. மச்சான் கட்டுல ஒரு கிணறு, நான் கட்டுக்கு வெளியால ஒரு கிணறு."

"ஓம் மாமா."

"கட்டு உடைஞ்சிருந்தா?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்திருந்தேன். சுவரில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் ஒழுகிப் போயிருக்கும். நூற்றுக்கு நூறு சொல்ல ஏலாது என்றேன். நாவல் மரத்தைத்தான் நம்புகிறேன் என்றேன். சாச்சா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் மேல்பக்கத்தைத் தொட்டார்.

"இது முன்வாசல்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சுவருக்கு மேல்பக்கம் என்றால் றோட்டோரம். தண்ணீரிருக்கிற இடம் வீட்டுக்கு முன்னால். புதுப்பெண் றோட்டில் போகிற வருகிற ஆட்களுக்கு நடுவே வாசலில் நின்று தண்ணீர் அள்ளுவதா? வருகிறவன் கிணற்றைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஏறுவதா? மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று சாச்சி மெல்லத் தொடங்கினார். தண்ணீரைக் கண்டுபிடித்த இடத்திலேயே அது கைவிட்டுப் போவதுபோல இருந்தது.

ஜெஸீமா அதுவரை கதவோரம் நின்றாள். அவள் வாப்பாவைப் பார்த்துத்தான் கதைத்தாள்.

"அத்திவாரம் இன்னும் வெட்டி முடியல்லதானே வாப்பா. ஊட்டத் திருப்புங்க. குசினி றோட்டுப் பக்கம் வரட்டும், வேலியடைச்சா மறைவுதான். வாசல் வயலப் பார்க்கட்டும்."

"றோட்டுக்கு முதுகக் காட்டுற ஊடா?" என்றார் மாமா. "ஊரே சிரிக்கும் புள்ள."

"எங்கட பழைய ஊடு றோட்டப் பார்த்துத்தான் நிண்டது மாமா. கடலுக்கு முதுகு. அண்டைக்குக் கடல் வந்தது தெரியவே இல்ல."

சாச்சி எழும்பிச் சோற்றுப் பானையைத் திறந்தார். சாச்சா மணலில் நான் கீறிய வீட்டைக் கையால் அழித்தார்; பிறகு திருப்பிக் கீறினார். வாசல் வயல் பக்கம்.

அடுத்த நாள் காலையிலேயே கிணறு வெட்டுகிற இரண்டு பேரை மாமா அழைத்து வந்தார். நாவல் மரத்துக்கு ஐந்து பாகம், முப்பதடி போல, தள்ளி இடம் குறித்தோம். செம்மண், பிறகு கிறவல் சரளை, பிறகு கையால் பிசைந்தால் உதிர்கிற உக்கிய வரிக்கல். அதிலே வரிகள் அப்படியே இருந்தன, கல்லாயிருந்த ஞாபகம் போல. முதல் நாள் காய்ந்த மண். இரண்டாம் நாளும் காய்ந்த மண். சாச்சா குழியோரம் வராமல் அத்திவாரத்தைச் சுற்றியே நடந்தார். குழியிலிருந்து வந்த ஒவ்வொரு கூடையையும் நான் கையால் தொட்டுப் பார்த்தேன். மாமா வெற்றிலையை மென்றபடி, "குளக்கட்டுல ஓட்டை போல இரிக்கி" என்று ஒருமுறை சொன்னார், மறுபடி சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கூடையில் வந்த மண் கறுத்திருந்தது. கையில் உருட்டினேன், உருண்டது. வெட்டுகிறவர் கீழிருந்து, கால் குளிருது என்றார். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம் றோட்டுப் பக்கச் சுவரிலிருந்து நூல்போல ஒன்று கசிந்து இறங்கியது. எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். விடிந்து போய்ப் பார்த்தபோது குழிக்குள் இடுப்பளவு தண்ணீர், வானம் அதற்குள் கிடந்தது.

வாளி விட்டு முதலில் அள்ளியவள் ஜெஸீமா. கலங்கல்தான். தெளியவிட்டுச் சாச்சாவுக்கு ஒரு கோப்பை கொடுத்தாள். அவர் பிஸ்மி சொல்லி வாயில் வைத்து, உடனே விழுங்காமல், நாக்கில் வைத்துக்கொண்டு நின்றார். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் எல்லாரும் தண்ணீரை அப்படித்தான் குடிக்கிறார்கள்.

"உப்பில்ல" என்றார்.

நான் புறப்படும்போது, முதல் கிணற்றிலிருந்து வந்த கறுப்புக் கற்களை அத்திவாரத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டோரத்துத் துண்டு ஒன்றை, ஒரு பக்கம் மழுமழுப்பும் மறுபக்கம் ஊசிப் பளிங்குமாக இருந்ததை, பைக்குள் போட்டுக்கொண்டேன். சோதனைச் சாவடியில் அதே சிப்பாய் நின்றார். பையைத் திறந்து கல்லைக் கண்டதும், "வத்துர?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். சிரித்தார். ஒலுவிலில் டிப்பர்கள் கல்லோடு போய்க்கொண்டேயிருந்தன. நூறு கோடி வருடக் கல்லை அலைக்கு முன்னால் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். அலை என்ன கேட்கப்போகிறதோ.

வீட்டுக்கு வந்து எங்கள் கிணற்றில் முகம் கழுவினேன். பத்தடி மணல், ஒரு கொட்டு, எட்டிக் கைவிட்டால் தண்ணீர். ஒரு கல்லையும் கேட்காமல், ஒரு சுவரையும் தேடாமல் வருகிற தண்ணீர். நாலரை வருடமாகியும் அடிநாக்கில் கடல் நிற்கிறது.

நோன்புக்கு நாலைந்து நாள் இருக்கும்போது ஜெஸீமா போன் எடுத்தாள். சுவர் இடுப்பளவு எழும்பிய வீட்டைப் பார்க்க மாப்பிள்ளையின் உம்மா வந்து போனாவாம். ஆட்டோவிலிருந்து இறங்கி வாசலைத் தேடியிருக்கிறா. றோட்டுப் பக்கம் ஓலை வேலியும் ஒரு படலையும்தான். படலையைத் திறந்தால் கிணறு. சாச்சா வேர்த்து விறுவிறுத்துப்போய் வீடு ஏன் இப்படித் திரும்பி நிற்கிறது என்று சொல்ல வாயெடுத்தாராம். அந்த உம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வாளியை எடுத்துத் தானே அள்ளி, ஒரு கை குடித்தாவாம். பிறகு நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாவாம்.

"என்னகா சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லல்ல. இன்னொரு வாளி அள்ளினா. மறுகா முகம் கழுவிட்டு, குசினியாலயே உள்ளுக்கு வந்திட்டா."